இரண்டாவது சிம்பொனியில் ஒரு முனகல்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

போன் செய்தால் வைத்துவிடுகிறாய். ஆள் அனுப்பினால் கதவைச் சாத்துகிறாய். ஆகவே கடிதம். சின்ன வயதில் என்னோடு சண்டை போட்டால் பேசாமல், சீட்டு எழுதி என் அறைக் கதவின் அடியில் தள்ளுவாயே, அந்தப் புத்தி இன்னும் உன்னை விட்டுப் போகவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஜெர்மன் தாடிக்காரர் எழுதிய நான்கு சிம்பொனிகளையும் ஒரே நடத்துனர், ஒரே குழு, ஒரே கூடம் என்று பதிவு செய்து ஒரே பெட்டியில் போட வேண்டும் என்று நான் பத்து வருடம் நாயாய் அலைந்தது உனக்குத் தெரியும். ஒன்றும் மூன்றும் நான்கும் முடிந்து இசைத்தட்டாகவே அடித்தாகிவிட்டது. இரண்டாவதில் கடைசி மூன்று பகுதிகளும் தயார். பாக்கி அதன் முதல் பகுதி. அந்த டேப் உன்னிடம் இருக்கிறது. நீ ஒலிப்பதிவாளர் என்பதால் உன்னிடம் இருக்கிறதே தவிர, அது ஒன்றும் தாத்தா சொத்து இல்லை. தாத்தா சொத்தாக இருந்தால்கூட எனக்கும் பாதி உண்டு.

அன்று பதிந்த அந்த டேக் எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகுதியின் கடைசியில் பித்தளைக் கொம்பு தனியாகப் பாடி ஓய்கிறது. பிறகு வயலின்கள் மெல்ல எடுக்கின்றன. அந்த இடத்தை எத்தனையோ பெரிய ஆட்கள் பதிந்திருக்கிறார்கள். நமக்கு வந்த மாதிரி ஒருவருக்கும் வரவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தார்கள். வில்லெல்லாம் நடுங்கியது. நீயே கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியில், "இதுதான்! இதுக்கு மேல ஒண்ணு வேண்டாம்!" என்று கத்தினாய். மறந்துபோயிற்றா?

மாப்பிள்ளைக்கு நடந்தது துரதிர்ஷ்டம். பல் கட்டுகிற பொறுப்பு என்னுடையது. ஆனால் அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே. வெள்ளிக்கிழமைக்குள் டேப் என் கைக்கு வர வேண்டும்.

அண்ணன்


மார்ச் 6

அண்ணனுக்கு,

"மாப்பிள்ளைக்கு நடந்தது துரதிர்ஷ்டம்." குளியலறையில் வழுக்கி விழுந்தால் அது துரதிர்ஷ்டம். உன் கையால் நடந்ததற்கு வேறு பெயர் இருக்கிறது. என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன், நீ உட்கார்ந்து படி. நான் இருந்த அறையிலிருந்து பார்த்தால் கொம்பு வரிசையைத் தூண் மறைக்கும். பார்த்தவர்கள் வந்து அழுதுகொண்டே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பதிவு ஓடுகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் புருஷன் கொம்பைத் தனியாக ஊதி முடித்தார். நீ வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தாய். அவர் ஊதிய ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடியில் நீயும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாய், அதுவும் சுருதி சேராமல். அவர் கொம்பை மடியில் இறக்கிவைத்து, உன்னைப் பார்த்து, உதட்டில் ஒரு விரலை வைத்தார். "உஷ்" என்றுகூடச் சொல்லவில்லை. விளக்கு எரிகிறதே, எப்படிச் சொல்வார்? விரல் மட்டும்தான்.

அடுத்த வரிக்காக அவர் கொம்பை மறுபடி வாயில் வைத்த நேரம் பார்த்து நீ மேடையிலிருந்து இறங்கினாய். செல்லோக்காரர்களை விலக்கிக்கொண்டு போனாய். கொம்பின் வளைவில், முகத்தோடு சேர்த்து, உள்ளங்கையால் ஒரே அறை. ஊதுகிற பித்தளை வாய் அப்படியே பல்லுக்குள் இறங்கியது. மேல் வரிசை முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. இன்னொன்று ஈறோடு ஒடிந்து உள்ளேயே நின்றது. உதடு மூக்குவரை கிழிந்தது.

நீ என்ன செய்தாய்? திரும்பி நடந்து மேடை ஏறிக் குச்சியை எடுத்து மிச்சத்தை நடத்தி முடித்தாய். ஒருவரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. "சிவப்பு விளக்கு எரியுறப்ப கூரையே இடிஞ்சு விழுந்தாலும் நிறுத்தக் கூடாது" என்று அவர்களுக்குச் சட்டம் போட்டு வைத்தவன் நீ. பக்கத்துக் கொம்புக்காரர் கண்ணில் தண்ணீர் வழிய இரண்டு பேர் பங்கையும் ஊதி ஒப்பேற்றியிருக்கிறார். வில் நடுங்கியதாம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தார்களாம். அட பாவி, பின்னே என்ன செய்வார்கள்? நீ சங்கீதம் என்று நினைத்துப் பூரித்துப்போனது அவர்களுடைய பயம்.

எனக்கு "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டாண்டு எதுவோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு வயலின்கள் வந்த அழகைக் கேட்டு, விளக்கு அணைந்ததும் "இதுதான்!" என்று கத்தினேன். அதை எடுத்து என் மூஞ்சியிலேயே வீசுகிறாய். வீசு. என் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தபோது நான் கை தட்டினேன் என்பதை நீ சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்?

டேப் வராது. கொம்பு ஊதுகிறவனுக்கு முன்பல்தான் வேலை. அதை உடைத்து எடுத்த பதிவை நான் உலகத்துக்கு விற்க மாட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்கு வா. அவர் எதிரில் நின்று, "முனகினேன்" என்று சொல். மன்னிப்பு வேண்டாம், கண்ணீர் வேண்டாம். உன்னிடமிருந்து அதெல்லாம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல் போதும். சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போ.

தங்கை


மார்ச் 9

தங்கச்சிக்கு,

நான் முனகுவதில்லை. இருபது வருடமாக மேடையில் நிற்கிறேன். என் இசைத்தட்டுகளை எடுத்துக் கேட்டுப் பார், எந்தத் தட்டிலாவது என் குரல் இருக்கிறதா? நான் மூச்சு விடுவேன். உயிரோடு இருக்கிற மனிதன் மூச்சு விடுவான். அதற்கு உன் வீட்டில் முனகல் என்று பெயர் வைத்தால் நான் என்ன செய்ய முடியும்?

முனகல் என்பது நோயாளி போடுவது. நாய் போடுவது. அந்தச் சொல்லை என்னோடு சேர்த்து இன்னொரு தடவை எழுதாதே.

உன் புருஷனைப் பற்றியும் சொல்கிறேன். "நீ என்ன பெரிய கொம்பனா?" என்று ஊரில் பேச்சுக்குக் கேட்பார்கள். இவனைக் குழுவில் எல்லோரும் கொம்பன் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு இவனுக்கு நிஜமாகவே தலையில் இரண்டு முளைத்துவிட்டது. காப்பி இடைவேளையில் என்னைப் பற்றி என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? "நம்ம கண்டக்டர் பஸ்ல இருந்திருந்தா சில்லறையாவது குடுத்திருப்பாரு." தொண்ணூறு பேர் சிரிப்பார்கள். நான் தாங்கிக்கொண்டேன், தங்கை புருஷன் ஆயிற்றே என்று. ஆனால் என் மேடைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, என் குழுவுக்கு முன்னால், எனக்கே வாயை மூடு என்று விரல் காட்டினால்? அந்த விரலை ஒடிக்காமல் விட்டேன் என்று சந்தோஷப்படச் சொல்.

வெள்ளிக்கிழமை போய்விட்டது. இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் பெட்டியைக்கூட அடித்துவிட்டான். உள்ளே நாலு தட்டுக்கு நாலு பள்ளம். மரியாதையாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் உன் ஸ்டுடியோவுக்கு நானே வருவேன். பூட்டு எனக்குப் பெரிய விஷயமில்லை. தங்கை என்றும் பார்க்க மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 13

கை எப்படி இருக்கிறது?

"தங்கை என்றும் பார்க்க மாட்டேன்" என்று எழுதினாய். வந்து நிரூபித்தும் விட்டாய். முதலில் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தாய். பரவாயில்லை, கண்ணாடிதானே. அலமாரியைச் சாய்த்தாய். அதுவும் போகட்டும். பிறகு என் முடியைப் பிடித்தாய் பார், அங்கேதான் எனக்கு எல்லாம் அற்றுப்போயிற்று. அப்பா அம்மாவைப் பிடிக்கிற அதே பிடி. கட்டைவிரல் காதுக்குப் பின்னால், மற்ற நாலு விரலும் கொண்டைக்குள். உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கட்டிலுக்கு அடியில் என் பக்கத்தில் படுத்து என் கண்ணைப் பொத்தினாயே, அப்போது நீ மட்டும் நன்றாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாயா?

என் கையில் டேப் வெட்டுகிற பிளேடு இருந்தது. அது எங்கே படும் என்று நான் யோசிக்கவில்லை. குச்சி பிடிக்கிற கையில் பட்டது. ரத்தம் மேசையெல்லாம் கொட்டியது. இதை எழுதும்போதுகூட எனக்கு வருத்தம் வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை.

நீ தேடிய டேப் ஸ்டுடியோவிலேயே இல்லை. என் சமையலறையில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. இனிமேல் அங்கேயும் இருக்காது.

இந்த உறைக்குள் ஒரு சாண் டேப் இருக்கிறது. பயப்படாதே, உன் டேப்தான். கொம்பு தனியாக ஊதத் தொடங்குகிற இடத்திலிருந்து வெட்டியது. மெஷினில் ஒரு சாண் ஓட அரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். நகல் கிடையாது. நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிலாக ஒரு துண்டு வரும். அடுத்தது முழம். அந்த ஒரு சொல் வந்தால் பிளேடைக் கீழே வைப்பேன்.

தங்கை என்று கையெழுத்துப் போட இன்று மனம் வரவில்லை.


மார்ச் 16

அடி கொலைகாரி,

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கையில் நரம்பு தப்பியது என்றார் டாக்டர். ஒரு நூல் தள்ளிப் பட்டிருந்தால் இனி ஜென்மத்துக்கும் குச்சி பிடித்திருக்க மாட்டேனாம். உன் பிளேடு வாழ்க.

உறையைப் பிரித்ததும் அந்தத் துண்டு பாம்புச் சட்டை மாதிரி மேசையில் விழுந்தது. பிள்ளையைக் கடத்திக்கொண்டு போகிறவன் விரலை வெட்டி வீட்டுக்கு அனுப்புவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் தங்கை அதைச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அது வெறும் பிளாஸ்டிக் என்று நினைக்கிறாயா? அதற்குள் தொண்ணூறு பேருடைய மூச்சு இருக்கிறது. உன் புருஷன் மூச்சும் அதில்தான் இருக்கிறது, அறிவு கெட்டவளே! அவன் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஊதியதே இல்லை. அதையா வெட்டுகிறாய்?

இனி மறுபடி பதியலாம் என்றால் அதற்கும் வழியில்லை. குழுவின் செயலாளர் நேற்று வந்தார். உட்காரக்கூட இல்லை. "யாரும் வர மாட்டேங்கிறாங்க சார். உங்க முகத்தைப் பார்த்தா கை நடுங்குதுங்கிறாங்க," என்றார். முரசுக்காரர் தன் குச்சிகளையே உடைத்து அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார், எனக்கு அன்பளிப்பாம். ஆக, அந்த டேப் போனால் இரண்டாவது சிம்பொனி போயிற்று. இரண்டாவது போனால் என் பெட்டி போயிற்று. நான் செத்த பிறகு என் பெயர் சொல்ல அந்தப் பெட்டியைத் தவிர எனக்கு என்ன இருக்கிறது? பெண்டாட்டியா, பிள்ளையா?

அப்பாவை இதில் இழுக்காதே. அவர் வேறு, நான் வேறு. அவர் குடித்துவிட்டு அடித்தார். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

சரி. நீ கேட்டதற்காக எழுதுகிறேன், வைத்துக்கொள்: முனகியிருக்கலாம்.

போதுமா? டேப்பை அனுப்பு.

அண்ணன்


மார்ச் 20

அண்ணனுக்கு,

"முனகியிருக்கலாம்." ஆகா. மழை பெய்திருக்கலாம். பஸ் போயிருக்கலாம். பல் தானாகக் கழன்று விழுந்திருக்கலாம். நாலு எழுத்தைக் குறைத்து எழுத உனக்கு அப்படி என்ன வலிக்கிறது?

குடிக்காமல் அடித்தேன் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். அப்பாவுக்காவது காலையில் ஒன்றும் நினைவிருக்காது.

வீட்டு நிலவரம் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவருக்கு உதட்டுத் தையல் பிரித்தாயிற்று. பல் டாக்டர் ஒடிந்த வேரைத் தோண்டி எடுத்தார். அப்போதுகூட அவர் வாயைத் திறந்துகொண்டு சத்தமே போடாமல் கிடந்தார். "வலிச்சா கத்துங்க, பரவாயில்ல" என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்தவர் நேராகப் போய்க் கொம்பை எடுத்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினேன். வைத்து ஊதினார். டயரில் காற்று இறங்குகிற சத்தம். மறுபடியும் ஊதினார். அதே சத்தம். கொம்பைத் தலைக்கு மேல் தூக்கிச் சுவரில் அடித்தார். மறுபடி மறுபடி அடித்தார். பித்தளை நசுங்கி, சுவர்ப் பூச்சு பெயர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுகிறவரை அடித்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன். என்னைத் தள்ளிவிட்டார். இத்தனை வருடத்தில் என் மேல் அவர் கை வேகமாகப் பட்டது அதுதான் முதல் தடவை. நீ ஒரு அறை அறைந்தாய், அது எங்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது பார்.

என்னை அவர் "தங்கம்" என்றுதான் கூப்பிடுவார். இப்போது நாக்கு போய் முட்டுவதற்குப் பல் இல்லாததால் "த" வருவதில்லை. "ஹங்கம்" என்கிறார். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுக்கொண்டு வாயைப் பொத்துகிறார். இரண்டு நாளாகக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

நீ கேட்டாயே, எந்தத் தட்டிலாவது என் குரல் இருக்கிறதா என்று. இல்லைதான். ஏன் இல்லை தெரியுமா? கூடத்தில் எல்லா மைக்கும் சேர்ந்து பதிகிற மூல டேப்பில் நீ முழுசாக இருக்கிறாய். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக்கும்போது உன் தலைக்கு மேல் தொங்குகிற மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கிவிடுவேன். உன் ஒவ்வொரு தட்டிலும், ஒவ்வொரு பகுதியிலும் நான்தான் உன் முனகலைப் பெருக்கி வெளியே கொட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படுவாய் என்று நினைத்தேன். என் முட்டாள்தனம். தெரிந்திருந்தால் அன்று அந்த விரலைப் பார்த்து நீ சிரித்துவிட்டுப் போயிருப்பாயோ என்னவோ.

சாணும் முழமுமாக அனுப்பி விளையாட எனக்கு இனித் தெம்பில்லை. இந்தச் செருப்புப் பெட்டியில் மிச்சம் எல்லாம் இருக்கிறது. கொம்பு தொடங்குகிற இடத்திலிருந்து பகுதி முடிகிறவரை வெட்டியிருக்கிறேன். துண்டுகளுக்கு வரிசையாக எண் போட்டிருக்கிறேன். நீயே ஒட்டு. நாம் பதிவு செய்த கூடத்து மூலையில் கிடக்கிற பழைய மெஷினில் போடு. உன் தலைக்கு மேலிருந்த மைக்கையும் கொம்பு வரிசைக்கு மேலிருந்த மைக்கையும் முழுசாக ஏற்று. மற்றதையெல்லாம் இறக்கு. ஒரே ஒரு தடவை கேள்.

கேட்ட பிறகும் இதுதான் வேண்டும் என்று தோன்றினால் வெளியிட்டுக்கொள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். பெட்டியில் ஒலிப்பதிவு என்ற இடத்தில் என் பெயர் மட்டும் வேண்டாம்.

தங்கை


மார்ச் 26

கட்டுப் போட்ட கையோடு ஒட்டினேன். நீ எவ்வளவு சுலபமாகச் செய்வாய், எனக்கு ஒவ்வொரு துண்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் ஆயிற்று. கூடத்தில் நாற்காலிகள் அன்று தள்ளிவிட்டுப் போனபடியே கிடக்கின்றன. கொம்பு வரிசைக்குக் கீழே பலகையில் கறை இருக்கிறது. யாரும் துடைக்கவில்லை. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மெஷினைப் போட்டேன்.

கொம்பு வந்தது. கூடவே ஒரு ஆள் பாடினான். மெஷினில் ஏதோ கோளாறு, பழைய டேப்பின் மேல் பதிந்துவிட்டாய் என்று முதலில் நினைத்தேன். யார் இந்தக் குடிகாரன் என்றுகூட ஒரு நிமிஷம் எரிச்சல் வந்தது. பிறகு அவன் மூச்சு இழுத்தான். அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.

கொம்பு ஓய்ந்தது. பாடுகிறவன் ஓயவில்லை. பிறகு அவனும் நின்றான். காலடிச் சத்தம் கேட்டது. டொக். நீ சொன்னது சரிதான், ஸ்டாண்டு விழுந்த மாதிரிதான் இருக்கிறது. அதன் பிறகு சின்னதாக ஒன்று மரத்தில் விழுந்து உருண்டது. அது பல் என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. மறுபடி காலடிச் சத்தம், மேடைப் படி.

அதற்குப் பிறகு வயலின்கள். அதற்கு அடியில் இரண்டு முனகல் இருக்கிறது.

ஒன்று மாப்பிள்ளையுடையது. தொண்டைக்குள்ளேயே பிடித்துப் பிடித்து வைக்கிறார். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் எதையோ வைத்து அடைக்கிறார், துணியோ கையோ. டேக் கெட்டுப்போகக் கூடாது என்று அடைக்கிறார். நான் போட்ட சட்டத்துக்காக அடைக்கிறார்.

இன்னொன்று நான். நான் எதையும் அடைக்கவில்லை. திரும்பி வந்து குச்சியை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து பாடுகிறேன். சந்தோஷமாகப் பாடுகிறேன், தங்கச்சி. சுருதிகூடச் சேருகிறது.

அப்பா அடித்து முடித்ததும் குளிக்கப் போவார். குளியலறையிலிருந்து பாட்டு வரும். நாம் கட்டிலுக்கு அடியில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். எனக்கு அடி ஞாபகமே இல்லை, அந்தப் பாட்டுதான் ஞாபகம். பாட்டு வந்தால் இன்றைக்கு முடிந்துவிட்டது, வெளியே வரலாம் என்று அர்த்தம். நீ உடனே வெளியே ஓடிவிடுவாய். நான் பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டுத்தான் வருவேன். நல்ல குரல் அவருக்கு.

கம்பெனிக்காரனிடம் இரண்டாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பெட்டியில் நாலு பள்ளம் இருக்கிறது, ஒன்று காலியாகவே போகட்டும் என்றேன். ஏன் என்று கேட்பார்களே என்றான். கேட்கட்டும்.

டேப்பை எரிக்கவா, உனக்கு அனுப்பவா என்று தெரியவில்லை. அதில் அவர் ஊதியது அப்படியே இருக்கிறது. அவ்வளவு நல்ல வாசிப்பை எரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம்.

அண்ணன்


மார்ச் 31

அண்ணனுக்கு,

தாடை வீக்கம் வடிந்ததா? முகத்தை இடது பக்கம் சாய்த்துப் படுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நீ மணி அடித்ததும் நான்தான் திறக்கப் போனேன். அவர் என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டுத் தானே போனார். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் சொல்லித்தான் அடித்தார் என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ வாசலில் நின்றுகொண்டு, கையில் அந்தச் செருப்புப் பெட்டியோடு, "முனகினேன்" என்றாய். நான் பின்னால் நின்று கேட்டேன். கடைசி "ன்" கூட நடுங்காமல் சொன்னாய். அடுத்த நொடி அவர் அடித்தார். கொம்பைத் தாங்கித் தாங்கி உரம் ஏறிய கை. உன் வாயிலேயே, முழு பலத்தோடு. நீ பெட்டியோடு போய்ச் செருப்பு அலமாரியில் விழுந்தாய். டேப் எல்லாம் உருண்டு படிவரைக்கும் போயிற்று. நீ எழுந்து திருப்பி அடிப்பாய் என்று நான் குடைக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டேன். யாரை அடிக்க என்று என்னைக் கேட்காதே. இருவரில் யார் முதலில் அசைந்தாலும் போட்டிருப்பேன்.

நீ கையைத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பிடித்துக்கொண்டு முனகினாய்.

அவர் குனிந்து உன் முகத்துக்கு நேராக வந்து, உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றார். சத்தம் வரவில்லை. பல் இல்லாத இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. நீ வாயை மூடிக்கொண்டாய். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உன்னை ஒருவர் சொல்லி நீ அடங்கி நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் உள்ளே போய் ஐஸ் எடுத்து வந்தார். உனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினாயே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அவர் அதைத் தன் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நீ போன பிறகு படியிலிருந்து டேப்பையெல்லாம் அவர்தான் பொறுக்கிச் சுற்றினார். கேட்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "ஹங்கம், பசிக்குது" என்றார்.

புதன்கிழமை அவருக்குப் பல் அளவு எடுக்கிறார்கள். உனக்கும் ஒன்று ஆடுகிறது என்று செயலாளர் சொன்னார். அதே டாக்டரிடம் அடுத்த நேரத்தை உனக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். காத்திருக்கிற இடத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான். நான் வரவில்லை. இருவரும் போய் அதில் உட்காருங்கள்.

அங்கே முனகாதே.

தங்கை